மார்கழித் தலைவலி

திண்டிவனத்துல எங்க தெருக் கோயில் ஸ்பீக்கரைக் கழட்ட வெச்சவன் நான்தான். மார்கழி விடியக்காலையில, கோயிலைப் பார்த்துக்கிற ஏழுமலை மைக்கில ஒருதரம் செருமிட்டுப் பாட்டுப் போடுவார். எழுந்ததுமே எனக்கு நெத்தி தெறிக்கும். பாட்டாலதான்னு நினைச்சு, பத்துப் பேர் முன்னால அவர்கிட்ட கத்தினேன்.

"உங்களுக்குத் தொந்தரவுன்னா வேணாம் சார்"னு அவரே ஏணி போட்டுக் கழட்டிட்டார்.

மறுநாள் பாட்டு இல்லை. தலைவலி மட்டும் அப்படியே வந்துச்சு. வெளியே சொல்ல வெக்கம்.

நாலு நாள் கழிச்சு, பால் பாக்கெட் எடுக்கக் குனிஞ்சவன் நெத்தியைப் பிடிச்சுக்கினு வாசல்லயே உக்காந்துட்டேன். ஏழுமலை பார்த்துட்டார்.

"குனிஞ்சா ஜாஸ்தியாவுதா? மூக்கும் அடைக்குதா? எனக்கும் இதேதான் சார், அதான் மைக்கில செருமுறேன். வண்டியில ஏறுங்க."

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில, "சைனஸ்ல சளி கட்டியிருக்கு, பனிக்கு அதிகமாகும்"னாங்க டாக்டர். போக வர ஸ்பீக்கரைப் பத்தி ஏழுமலை ஒரு வார்த்தை பேசலை. நானும் மன்னிப்புக் கேக்கலை.

அடுத்த மார்கழிக்குள்ள அவர் மகனோட விழுப்புரம் குடிபோயிட்டார். எனக்கு இப்ப தலைவலி இல்லை. ஆனாலும் மார்கழி வந்தா அஞ்சு மணிக்கே முழிச்சுக்கினு, அந்த ஒரு செருமலுக்காகக் காத்துக்கினு படுத்திருக்கேன்.