பால் கெட்டுவிடும் என்றார்கள்

என் தங்கை, ஹோட்டல் விரிப்புகளை வெளுக்கிற சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். வாய்த் துடுக்கு அதிகம். சூப்பர்வைசரே அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவள் புகுந்த வீட்டு வாசலை மிதித்தால் வாயில்லாப் பூச்சி. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன்.

முதல் பிள்ளையையே வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். "ரெண்டு வருஷத்துக்கு அடுத்தது வேண்டாம்மா, தையல் தாங்காது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். பால் கொடுக்கிறவர்கள் சாப்பிடுகிற கருத்தடை மாத்திரை தனியாக இருக்கிறது, பாலுக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாது என்று விளக்கி ஓர் அட்டையும் கொடுத்தார். தங்கை ஒருநாள்கூட விடாமல் விழுங்கி வந்தாள்.

பிள்ளை தவழத் தொடங்கிய சமயம், அவனுக்கு வயிற்றுப்போக்கு. மாமியார் அலமாரியைக் குடைந்து அட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அடிப்பாவி! விஷத்த முழுங்கிட்டுப் பிள்ளைக்கும் ஊட்டுறியா? பால் கெட்டுடும்டி!"

"டாக்டர்தான் குடுத்தாங்க, அத்தை."

"பால் குடுக்குறவளுக்குக் கரு தங்காது. நான் பெத்து வளக்கலையா?"

"இவன் சாப்பாடு சாப்பிட ஆரம்பிச்சிட்டானே. இனிமே அதை நம்ப முடியாதாம்."

மாப்பிள்ளை அம்மாவைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். "அம்மா சொல்றதக் கேட்டுத் தொலையேன்" என்றார். அட்டை குப்பைக்குப் போனது. சரி, நீங்களாவது ஆணுறை போடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். "நான் என்ன ஊர் மேயுறவனா?" என்று முறைத்தாராம். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

சில மாதங்களில் இஸ்திரி மேசையருகே மயங்கி விழுந்தாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரமாவா?" என்றார். மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மாமியார் பதறினாள். மருமகளுக்காக இல்லை.

"வயித்துல ஒண்ணு இருக்கறப்போ குடுக்குற பால் பிள்ளைக்கு ஆகாது. இன்னியோட நிறுத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்தப் பாலுக்காக மாத்திரையத் தூக்கிப் போட்டீங்களோ, அந்தப் பாலையே நிறுத்தச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

"நீ வந்த வேலையப் பாத்துட்டுப் போ" என்றாள். மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

பிள்ளை வந்து தங்கையின் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழுதான். அவள் அவனைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"வெளிய கூட்டிட்டுப் போக்கா. என் வாசனை பட்டாலே கேக்குறான்."