பொட்டு வைத்த ஸ்பிரிங்க்ளர்களுக்காக ஒரு நாள் அலைச்சல்

இந்த வலைப்பூவில் நான் எழுதுவதெல்லாம் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றித்தான். ஏரி, கோயில், சின்ன மலை. இந்த முறை அப்படி எதுவும் இல்லை. ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பீர்க்கன்கரணையில் கிளம்பி, தாம்பரம் வழியாக மேடவாக்கம் போய், அங்கிருந்து வண்டலூருக்கு அப்பால் ஒரு தொழிற்சாலை வாசல் வரை போய்த் திரும்பினேன். ஏறக்குறைய நாற்பத்தேழு கிலோமீட்டர். பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு காட்சியும் கிடையாது. ஆனால் பள்ளிக்கூட வேலையாக இதே வழியில் அலையப் போகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

நான் பீர்க்கன்கரணைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக மேலாளர். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்காகப் புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறோம். அதற்கு வந்த அனுமதிக் கடிதத்தில், தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கூரையில் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. முப்பத்து நாலு ஸ்பிரிங்க்ளர்களைப் பொருத்தி முடித்தோம். தீயணைப்புத் துறைச் சான்றிதழ் வந்தால் கதவைத் திறக்கலாம். அதுவரை ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டினால்தான் மற்ற வகுப்புகளுக்குச் சாப்பாடு.

சான்றிதழ் வராததற்குக் காரணம் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கம்ப்யூட்டர், பள்ளி வேன், மணி, பீரோ என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். "புதுக் கட்டடத்துலயும் வைங்க, ஒண்ணு விடாம வைங்க" என்று அட்டெண்டரிடம் சொன்னேன். தோரணம் கட்ட ஏணி அங்கேயே நின்றது. அவர் ஏறி, முப்பத்து நாலு ஸ்பிரிங்க்ளருக்கும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. நான் போட்டோகூட எடுத்தேன்.

ஸ்பிரிங்க்ளரின் நடுவில் விரல்நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும், உள்ளே சிவப்புத் திரவம். அறை சூடேறினால் குமிழ் வெடிக்கும், தண்ணீர் கொட்டும். விஷயம் அவ்வளவுதான். அந்தக் குமிழ் மேல்தான் சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது. பார்க்க வந்த அதிகாரி ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, பெயிண்ட் பட்டாலே மாற்ற வேண்டும், இதைத் துடைத்தெல்லாம் சரிசெய்ய முடியாது, அத்தனையும் புதிதாகப் போடுங்கள் என்றார். கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை திரும்ப வருவதாகவும், அன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் இன்னொரு சிக்கல். எங்கள் ஸ்பிரிங்க்ளரைச் செய்கிற தொழிற்சாலையில் பதினைந்து நாளாக வேலைநிறுத்தம். சரக்கு எங்கேயும் இல்லை என்று குழாய் வேலை செய்தவர் கைவிரித்துவிட்டார். மேடவாக்கத்தில் ஒரு கடையில் "அதே மாதிரி" கிடைக்கும் என்று அவரே விலாசமும் கொடுத்தார். பழைய ஸ்பிரிங்க்ளர் ஒன்றைக் கழற்றி, சந்தனத்தோடு செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 8.40க்கு பீர்க்கன்கரணையில் ஷேர் ஆட்டோ, தாம்பரம் வரை இருபது ரூபாய். ஐந்து கிலோமீட்டருக்கு முப்பது நிமிடம் ஆனது. இரவு பெய்த மழை ஜி.எஸ்.டி. சாலையோரம் அப்படியே நின்றது. தாம்பரம் கிழக்குப் பக்கம் 9.25க்கு மேடவாக்கம் பேருந்து. சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. கட்டணம் இல்லாததற்கேற்ற கூட்டமும் உண்டு. சேலையூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது, கேம்ப் ரோடு தாண்டியதும் அதை ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். பதினோரு கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். மேடவாக்கம் சந்திப்பில் தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் சந்திப்பு வரை போகாமல் ஒரு நிறுத்தம் முன்பே இறங்குங்கள். அங்கே சாலையைக் கடப்பது தனி வேதனை.

கடை, ஒரு குழாய்க் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதை தெரிந்தவர். என் சந்தன ஸ்பிரிங்க்ளரைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். அச்சு அசல் அதே உருவம். பித்தளை வளையம், சிவப்புக் குமிழ். தரமுத்திரை மட்டும் இல்லை. விலை பாதிக்கும் கீழே.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. அந்தக் கம்பெனிக்காரன் அதையே டெஸ்ட் பண்ணிகினு கீறான், அதான் விலை. இது கப்பல்ல வருது, வந்த உடனே விக்குது."

ஸ்பிரிங்க்ளரைச் சோதித்துப் பார்த்ததாகத் தொழிற்சாலை தரும் சான்றிதழையும் அதிகாரி கேட்பாரே என்றேன். அதற்கும் வழி சொன்னார். அந்தத் தொழிற்சாலை அலுவலகம் திறந்துதான் இருக்கிறதாம். ஏற்கெனவே அவர்களிடம் வாங்கிய பள்ளி என்று கேட்டால் புதுத் தேதி போட்டு ஒரு சான்றிதழ் தருவார்களாம். பொருத்திய பிறகு முத்திரையை யார் ஏணி வைத்து ஏறிப் பார்க்கப் போகிறார் என்றும் கேட்டார். தாளாளருக்குப் போன் செய்தேன். உடனே வாங்கிவிடுங்கள் மேடம், சான்றிதழையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள் என்றார். முப்பத்தாறாக வாங்கினேன், இரண்டு உபரி. விற்ற சரக்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்திருந்தது. வாங்கும்போது எனக்கு உறுத்தவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உறுத்தலைவிட அலுப்பு அதிகமாக இருந்தது, அதுதான் உண்மை.

11.20க்கு அங்கே பேருந்து ஏறி 12.25க்குத் தாம்பரம். ஒரு தயிர்சாதம் சாப்பிட்டேன். 1.05க்கு செங்கல்பட்டு ரயில், வண்டலூருக்கு ஐந்து ரூபாய். நடுவில் பெருங்களத்தூர் வருகிறது. இறங்கினால் பத்து நிமிடத்தில் வீடு. ரயில் நின்ற அந்த அரை நிமிடமும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வண்டலூர் நிலையத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். இடத்தைச் சொன்னதும், "ஸ்ட்ரைக் நடக்குதே அங்கயா மேடம்? கேட்டாண்ட குந்திகினு கீறாங்க, பாவம்" என்றார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அவர்கள் மேல் எரிச்சல். சம்பளச் சண்டையை இவர்கள் போட, ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார வேண்டுமா என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன்.

வாசலில் ஒரு ஷாமியானா, சங்கக் கொடி, நாற்பது ஐம்பது பேர். கோஷம் எதுவும் இல்லை. பாதிப்பேர் மழைத்தண்ணீர் படாத பக்கமாக நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். மும்தாஜ் என்று பெயர். பதினோரு வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை, சங்கக் கமிட்டியிலும் இருக்கிறார். சான்றிதழுக்காக அலுவலகம் போக வேண்டும் என்றேன். யாரும் தடுக்க மாட்டார்கள், தாராளமாகப் போகலாம் என்றார். எந்தச் சரக்குக்கு என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லத் தடுமாறியதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"குடுத்தா வாங்கிக்குங்கக்கா. ஆனா பழசுலயே தேதிய மட்டும் மாத்தி அடிச்சுக் குடுப்பாங்க, அதுல கீழ என் கையெழுத்துதான் இருக்கும். நான் கண்ணால பாக்காத சாமானுக்கு."

நான் கொண்டுபோயிருந்த பள்ளிக் கோப்பிலிருந்து எங்கள் பழைய சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். மும்தாஜ் என்று தெளிவாகத் தமிழில் கையெழுத்து.

வேலைநிறுத்தமே அதனால்தானாம். கப்பலில் வரும் மலிவுச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை என்று நிர்வாகம் சோதனைப் பிரிவில் ஒன்பது பேரை மூன்று பேராகக் குறைத்தது. பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி பார்த்தால் போதும், பத்துக்கும் கையெழுத்துப் போடு என்றது. மும்தாஜும் இன்னொருவரும் மறுத்தார்கள். இரண்டு பேரும் இடைநீக்கம். சம்பளக் கோரிக்கையும் இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. ஜெயித்தாலும் இந்த விலைக்குக் கம்பெனி நிற்குமா என்று தங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் என் குரல் மாதிரியே களைத்திருந்தது.

பிறகு என் பையைக் காட்டி, ஒன்று கொடுங்கள் என்றார்.

வாசலுக்கு எதிரே டீக்கடை. பாய்லரிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஒரு அலுமினியக் கிண்ணத்தில் பிடிக்கச் சொன்னார். முதலில் என் சந்தன ஸ்பிரிங்க்ளரைப் போட்டு ஒரு தட்டால் மூடினார். நாங்கள் மனதுக்குள் எண்ணினோம். எட்டு எண்ணுவதற்குள் டப் என்று சத்தம், குமிழ் தூள். சந்தனம் இல்லையென்றால் இன்னும் சீக்கிரம் உடைந்திருக்கும் என்றார். தண்ணீரை மாற்றி, மேடவாக்கத்துச் சரக்கில் ஒன்றைப் போட்டார். எண்ணினோம். டீக்கடைக்காரர் நாலு டீ ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தால் குமிழ் அப்படியே சிவப்பாகப் பளபளக்கிறது. இன்னொன்று போட்டோம், அதுவும் அப்படியே. மூன்றாவது மட்டும், நாங்கள் நம்பிக்கை விட்ட பிறகு, மெதுவாக உடைந்தது.

மும்தாஜ் கிண்ணத்தைக் கழுவி டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். ஷாமியானாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே தாளாளருக்குப் போன் செய்தேன். மணி 2.40. நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வர்ற அதிகாரி வெந்நீர் ஊத்தியா பாக்கப் போறார் மேடம்?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"நான் பாத்துட்டேன் சார்."

பெற்றோர்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டார். நான் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போகவில்லை. திரும்பும்போது வண்டலூர் வரை ஷேர் ஆட்டோ கிடைத்தது, முப்பது ரூபாய். 4.10 ரயிலில் பெருங்களத்தூர் வந்து இறங்கினேன். அன்று ராத்திரி காய்ச்சலே வந்துவிட்டது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தாம்பரம்–மேடவாக்கம் சாலைக்கு எந்த நேரமானாலும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டலூர் நிலையத்தில் ஆட்டோ பேரம் படியாவிட்டால் சாலைக்கு நடந்து வந்து ஷேர் ஆட்டோ பிடிப்பது நல்லது. தரமுத்திரை இல்லாத ஸ்பிரிங்க்ளரை எவ்வளவு அவசரமானாலும் வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பெட்டியில் ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சம்மதிக்காத கடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு ஏணியை முதல் நாளே எடுத்துப் பூட்டி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஸ்பிரிங்க்ளர்கள் இன்னும் மாற்றப்படவில்லை என்று நானே கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போதும் வேலைநிறுத்தம் முடியவில்லை. தினமும் காலையில் வாசலில் இரண்டு மூன்று பெற்றோராவது என்னிடம் சண்டை போடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன். நேற்று தாளாளர், ஒரு வாரத்துக்கு மட்டும் பிள்ளைகளை அங்கே உட்கார வைப்போமே, என்ன ஆகிவிடும் என்று தன்மையாகக் கேட்டார். புதுக் கட்டடத்தின் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை.