சுடாத கால்

பெங்களூரில் இன்று கண்ணாடி பளபளக்க நிற்கும் எத்தனையோ கட்டடங்களுக்குத் தளம் போட்டவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் ஜல்லிக்கூடை சுமந்து, சென்ட்ரிங் பலகை அடித்து, மேஸ்திரியாகி, தொண்ணூறுகளில் நகரம் நாலு பக்கமும் பெருக்க ஆரம்பித்தபோது சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. எனக்கு நோய்கள் தெரியும். ஆள் வைத்து வேலை வாங்குகிறவன் முதலில் ஆளின் உடம்பைப் படிக்க வேண்டும். சிமெண்டு கலக்குகிறவனுக்கு விரலிடுக்கு வெடித்து ரத்தம் கசியும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் அதே கலவையில் கை வைப்பான். கனம் தூக்குகிறவனுக்குக் குடல் இறங்கும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாரம் ஏறுவான். சித்தாள் பெண் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் உடம்பில் ரத்தம் இல்லை. சாயங்காலக் காய்ச்சலும் விடாத இருமலும் சேர்ந்தால் டி.பி.யாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்கு விரட்டுவேன். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் தினமும் காலையில் என் கண்ணெதிரே முழுங்க வேண்டும், வாயைத் திறந்தும் காட்ட வேண்டும். வலிப்பு உள்ளவனை ஒருநாளும் மேலே ஏற்றியதில்லை. கீழே கம்பி வளைக்கிற வேலைதான்.

ஒருத்தனுக்கு ஊரில் அண்ணன் செத்த சேதி வந்த அன்றே வலது கை தூக்க வராமல் போயிற்று. எக்ஸ்ரே, ஸ்கேன் எதிலும் ஒன்றுமில்லை. கூட இருந்தவர்கள் நடிப்பு என்றார்கள். சோற்றுத் தட்டைக் கீழே போட்டுவிட்டு அவன் அழுததை நான் பார்த்தேன். அது நடிப்பில்லை. டாக்டர் சொன்னபடி பொறுமையாகப் பழக்கினோம், கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எந்தப் பழுதும் இல்லாத உறுப்பும் வேலை செய்யாமல் நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்படி எல்லாரையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். எனக்கு மட்டும் ஒரு நோயும் கிடையாது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். அதற்கு நான் காட்டிய சாட்சி, தீமிதி.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில், ஆடி மாதம் காப்புக் கட்டி விரதமிருந்து வருஷா வருஷம் கங்கின்மேல் நடப்பேன். ஆரம்பத்தில் எல்லாரையும் போல எனக்கும் சுடும், ஓடித்தான் கடப்பேன். வயது ஐம்பதை நெருங்க நெருங்கச் சூடு குறைந்துகொண்டே வந்தது. பக்தி கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருஷம் சுத்தமாகச் சுடவில்லை. குண்டத்தின் நடுவில் நின்று, கைகூப்பி, கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பெண்கள் குலவை இட்டார்கள். தாண்டிப்போய், கால் நனைக்கப் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் இறங்கியதும் பூசாரியே என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

என் வீட்டுக்காரி மட்டும் மயங்கவில்லை.

"நடுவுல நின்னு போஸ் குடுக்கறதுக்கு அது இன்னா போட்டோ ஸ்டூடியோவா?"

"அம்மா என் காலப் பூ மாதிரி தாங்கிக்கினாடி. உனக்கு இன்னா தெரியும்?"

"சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல செருப்பு கழண்டது கூடத் தெரியாம ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வந்தியே, அதையும் அம்மாதான் தாங்கிக்கினாளா?"

குரலை உயர்த்தி அவளை அதட்டி வைத்தேன்.

சில நாள் கழித்து அவள் தரை துடைக்கும்போது, ஈரத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒற்றைக்கால் தடம் தெரிந்தது. காலையில் வேலை விஷயமாக என் ஆட்கள் வந்துபோயிருந்தார்கள். அவர்களில் ஒருத்தன் ஆணி ஏறியதை மறைக்கிறான் என்று முடிவு கட்டி, எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, வாசலில் உட்காரவைத்து, ஒவ்வொருத்தன் காலாகத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எல்லார் காலும் பாத்துட்ட. உன் காலத் தூக்கு" என்றாள்.

தூக்கினேன். சுண்டுவிரலுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. அதற்குள் குண்டத்துக் கரித்துண்டு ஒன்று சொகுசாக உட்கார்ந்திருந்தது. நாற்றம் வந்துவிட்டது. எனக்கு வலி மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழையும் கன்னடத்தையும் கலந்து பேசினார். "கண்ணு முச்சிக்கோங்க. தொட்டா 'ஹூம்' சொல்லி, சாகு" என்றார். கன்னடத்தில் 'சாகு' என்றால் போதும் என்று அர்த்தம். மெல்லிசான நைலான் இழை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கண்ணை மூடிக் காத்திருந்தேன். நேரம் போனது.

"ஆரம்பிங்கம்மா, எனக்கு சைட்ல கான்கிரீட் நிக்குது."

பக்கத்தில் என் வீட்டுக்காரி விசும்பும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா ரெண்டு காலையும் தொட்டு முடித்துவிட்டு இழையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஷுகர் தும்ப நாளா, ரொம்ப நாளா இருக்கு உங்களுக்கு. காலு நரம்பு செத்துப் போயிருக்கு. அதான் நோவு இல்ல, சூடும் இல்ல. காலை எடுக்காம காப்பாத்தப் பாக்கறேன். நீங்க நான் சொன்னது கேக்கணும்."

சாரம் ஏற முடியாத மேஸ்திரியை யார் மதிப்பார்கள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் ஆட்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். முன்னே டி.பி. வந்து பிழைத்தவன், வேலைக்குப் போகிற வழியில் தினமும் காலையில் வந்து கட்டில் எதிரே நின்றான்.

"முழுங்கு மேஸ்திரி. என் எதிர்லயே முழுங்கணும்."

"முழுங்கிட்டேன், போடா."

"வாயத் தொற, பாக்கணும்."

திறந்து காட்டினேன். வார்டே சிரித்தது. கை வராமல் போய்த் திரும்பி வந்தவன், அந்தக் கையாலேயே என்னைத் தூக்கி உட்காரவைத்தான். நான் கொடுத்த கடன் இல்லை அது, அவர்களாகக் கொடுத்தது. அந்த வார்டில் எந்தப் பணக்காரனையும் பார்க்க இவ்வளவு கூட்டம் வரவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

கால் தப்பியது. சுண்டுவிரல் மட்டும் போயிற்று. அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கரித்துண்டு மட்டும் உள்ளே தங்காமல் போயிருந்தால், நான் இன்னும் நாலு வருஷம் போஸ் கொடுத்து மொத்தக் காலையும் தொலைத்திருப்பேன்.

மறுவருஷம் நான் குண்டத்தில் இறங்கவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு பால்குழி ஓரமாக நின்றேன். குண்டம் தாண்டி வருகிற ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்விதான்: "சுட்டுதா?"

ஸ்வீட் கடைக்காரர் ஒருத்தர் நிதானமாக நடந்து வந்தார். "சுடவே இல்லண்ணே. எல்லாம் அம்மா அருள்."

"அருள்னா ரத்த டெஸ்டுலயும் தெரிஞ்சிடும். காலைல வெறும் வயித்தோட வா, நானே இட்டுனு போறேன்" என்றேன். முறைத்தார். ஆனால் வந்தார். சக்கரை இருந்தது, புண் ஆவதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம். இன்றைக்கும் வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார், நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அவருக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஓடிவந்து பாலில் குதித்தாள். "ஐயோ மேஸ்திரிண்ணே, எரியுது எரியுது!"

"நல்லா எரியட்டும் தாயீ" என்றேன். "அது நல்ல காலு. பத்திரமா வூட்டுக்குப் போ."