முத்துமீனா கட்டாத கயிறு

முத்துமீனா என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது பேரையூர் வீட்டில், ஆட்டுரலில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தபோது. என் கடைசிக் கொழுந்தன் சிவனாண்டிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மாமியார், வாசல்படி ஏறும்போதே, "முத்துமீனாவாம்! பேரே வாய்க்கு இனிப்பா இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷம் அந்த வீட்டுக்கு நான் வடித்துப் போட்டிருந்தேன். ஒருநாள்கூட என்னை மலையம்மாள் என்று கூப்பிட்டதில்லை, "ஏ மூத்தவளே"தான். அன்றைக்கு மாவு திப்பிதிப்பியாகத்தான் வந்தது.

ஓரகத்தியாக வந்தவளிடம் குறை தேடினேன். அம்புட்டாகக் கிடைக்கவில்லை. மூன்றே வருஷத்தில் சிவனாண்டியைக் கூட்டிக்கொண்டு பரவைக்குக் குடிபோனாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் யார் கடையிலோ எடை போட நின்றவள், பிறகு சொந்தமாகவே ஒரு கடை போட்டாள். என் வீட்டுக்காரர் இறந்ததும் என்னையும் அழைத்துவந்து பக்கத்து அறையில் குடிவைத்தாள். அவள் செய்த நல்லதும் எனக்கு உறுத்தத்தான் செய்தது.

எனக்கு ஒரே மகன், ராஜபாண்டி. பதினோரு வருஷம் காத்திருந்து பெற்றவன். பதினேழு வயதில் குடிக்கப் பழகினான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முனியாண்டி கோயிலுக்கு இழுத்துப் போய், பூசாரி கையால் கயிறு கட்டி, "இனிமே தொட்டா எங்காத்தா மேல சத்தியம்" என்று சொல்லவைத்தேன். நாற்பது நாள் ஒழுங்காக இருந்தான். நாற்பத்தோராம் நாள் கயிற்றை அறுத்துக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான் என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. பதினாறு வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன வருஷம், முத்துமீனாவின் மகன் சித்தார்த் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பை ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான். மறுநாள் ரசத்துக்கும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் அவன் தாடையைப் பிடித்துக் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெந்து வெளுத்திருந்தது. உதட்டுக்குள் அடக்கி வைக்கிற போதைப் புகையிலைப் பொட்டலம்.

எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

சிவனாண்டி பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தார். "தோலை உரிச்சிருவேன்டா!"

"உரிச்சுட்டு?" என்று குறுக்கே நின்றாள் முத்துமீனா. "நாளைக்கு எங்க ஒளிஞ்சு போடுவான்னு உங்களுக்குத் தெரியுமா?" பிறகு பையனிடம் திரும்பி, பூ விலை கேட்கிற மாதிரி கேட்டாள். "எத்தன மாசமா? எப்ப எப்பத் தோணுது?"

"நாலு மாசமா... கணக்கு பீரியடுக்கு முன்னாடி."

மறுநாள் முகூர்த்த நாள். அப்படியும் கடையைப் பூட்டிவிட்டு அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நிறுத்தும்போது இடையில் தவறும், தவறினால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றாராம் டாக்டர்.

அந்த வாரமே நான் கயிறு வாங்கி வந்தேன். என் கயிறு அறுந்த மாதிரி அவளுடையதும் அறுந்துவிட்டால் இருவரும் சமமாகிவிடுவோம் என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை பூசாரி வாராரு. கட்டிருவோம்."

"கயிறு வேணாங்க்கா."

"சாமியே வேணாங்கிறியா?"

"சாமிய ஒண்ணும் சொல்லலக்கா. கட்டுனப்பறம் ஒருநா தவறிட்டான்னா, ஆத்தா மேல பண்ணுன சத்தியத்த மீறிட்டு எப்படி வாசல்ல கால வைப்பான்? தவறுனாலும் அவன் எங்கிட்ட வரணும்க்கா."

அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

தவறட்டும் என்று காத்திருந்தேன். தவறினால் இவன் வருகிறானா, ஓடுகிறானா என்று பார்க்க வேண்டும். ஆறாவது வாரம், நாலேகால் மணிக்கு, வாசலில் அவள் மல்லிகை கட்ட, நான் நாரைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் பையைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அம்மா, இன்னைக்கு ஒண்ணு போட்டுட்டேன்."

அவள் கை நின்றது. கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனால் குரல் உயரவில்லை.

"முழுசாவா?"

"பாதியில துப்பிட்டேன்."

"சரி. வாயக் கொப்புளிச்சுட்டு வா, தயிர்ச்சோறு இருக்கு. நாளைக்கு டாக்டர்ட்ட நீயே சொல்லணும். அப்பாட்டயும் நீதான். நா பக்கத்துல நிக்கிறேன். சைக்கிள் சாவியக் குடு, ஒரு மாசம் நானே கொண்டாந்து விடுறேன்."

"ஸ்கூல் கேட்டு வரைக்குமா? பசங்க சிரிப்பானுகம்மா."

"சிரிக்கட்டும். தல நெறையப் பூ வச்சுட்டுத்தான் வருவேன்."

அவனே சிரித்துவிட்டான். நான் நாரைப் போட்டுவிட்டு எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னிடம் இல்லாத நகை அவள் கழுத்தில் கிடந்தபோதெல்லாம் இப்படி எரிந்ததில்லை. "தவறிட்டேன்" என்ற ஒரு சொல்லை என் மகன் என்னிடம் வந்து சொல்ல வழி வைக்காமல், நானே கயிறு போட்டுக் கட்டியிருந்தேன்.

மறுநாள் முத்துமீனாவின் ஃபோனை வாங்கித் திருப்பூரில் ராஜபாண்டிக்குப் போட்டேன். "அந்தச் சத்தியம் உனக்கு வேணாம்யா, நானே எடுத்துக்கிட்டேன். குடிச்சிருந்தாலும் சரி, வீட்டுக்கு வா" என்றேன். மெஷின் சத்தத்தை விட்டு அவன் வெளியே வருவது கேட்டது. பிறகு, "சித்தி நல்லாருக்காங்களா?" என்று கேட்டான். பதினாறு வருஷம் கழித்து, அப்போதும் அவளைத்தான் கேட்டான். சரி, கேட்கட்டும் என்று ஃபோனை அவளிடம் நீட்டினேன். அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று சொன்னானாம்.

சித்தார்த் அதற்குப் பிறகு இரண்டு தடவை தவறினான். இரண்டு தடவையும் வந்து சொன்னான். இப்போது எட்டு மாதமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

முத்துமீனா பரவையில் அதே வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் மாட்டுத்தாவணியில் பூ விற்கிறாள். நாலேகாலுக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.