அவள் சொல்லாத சரி

என் தங்கை ஈஸ்வரியின் ஞாபகத்தைக் கெடுத்தவன் நான். ஒரு பொய் சொன்னேன், அவள் நம்பினாள். நான்கு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு அவளைத் தெரியாது என்பதால்தான் இந்தத் துணிச்சல்.

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன கரிசல் காடு, பாதி தரிசாகவே கிடக்கிறது. கோடையில் அது வெடிக்கும். கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நான் அந்த வெடிப்புகளைப் பார்த்து வசன கவிதை எழுதுவேன். ஈஸ்வரி பழைய குடைக்கம்பியை உள்ளே இறக்கி ஆழம் அளப்பாள். அளந்ததை நோட்டில் குறித்துக்கொள்வாள். ஒரே மண்... அவளுக்கு அது கேள்வி. எனக்கு அது உவமை.

முதல் மழை பெய்ததும் வெடிப்புக்குள் இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது? இதுதான் அவள் கேள்வி. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பிள்ளையை வளர்த்துக்கொண்டு, பத்து வருடம் அந்தக் கேள்வியைப் பொத்தி வைத்திருந்தாள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று இருந்தது. அதற்கு வயது வரம்பும் இருந்தது. அந்த வருடம் விட்டால் அவளுக்கு அது கிடையாது. அது இல்லாமல் வேலையை விடவும் முடியாது.

ஒரு மாதம் உட்கார்ந்து விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதினாள். நான் மல்லாங்கிணற்றில் ஆங்கில வாத்தியார் என்பதால் என்னிடம் அனுப்பினாள். அனுப்பும்போதே எச்சரித்தாள்.

“பிழையை மட்டும் திருத்துண்ணே. வேற எதையும் தொடாத. ஒன் கை பட்டா கம்பங்காட்டுல மல்லியப்பூ பூத்துரும்.”

சிரித்தேன். அவளுக்கு என்னைத் தெரியும். தெரிந்தும் நம்பினாள்.

அந்த விண்ணப்பத்தின் நடுவில் இப்படி எழுதியிருந்தாள்: ‘மழைக்குப் பிறகு ஐந்து இடங்களில் குழி தோண்டிப் பார்த்தேன். இரண்டில் இடுப்பளவு ஆழத்திலும் ஈரம் இருந்தது. மூன்றில் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே இந்த ஆய்வு.’

தெரியவில்லை...! கை நீட்டிக் கேட்கிற இடத்தில் போய் யாராவது தெரியவில்லை என்று எழுதுவார்களா? அவளுக்காக நான் கூசினேன். அந்த ஒரு சொல்லால் அவளைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன். இது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. என் கவிதைப் புத்தகங்களை யாரும் படிப்பதில்லை. இந்தத் தாளையோ, எங்கோ நாலு பெரிய மனிதர்கள் படித்தே ஆக வேண்டும். அந்த நினைப்பு என் விரல் நுனிவரை வந்து ஊறியது...

அவளுடைய ஐந்து குழிகளையும் மூடினேன். அவற்றின்மேல் எழுதினேன்: ‘கரிசல் தன் வெடிப்புகளால் வானத்தைக் குடிக்கிறது. முதல் மழையின் ஒவ்வொரு துளியையும் அது தன் அடிவயிற்றில் சேமிக்கிறது.’ ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. வெட்கமாக இருக்கிறது... சிலிர்த்தது!

கடைசி நாள். விண்ணப்பத்தை ஏற்றும் இணையதளத்தின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. போன் செய்து, அனுப்பிவிடவா என்று மட்டும் கேட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல், பின்னால் அழுகைச் சத்தம். “வாந்தி எடுக்காண்ணே... சரி, சரி, வச்சிர்றேன்” என்றாள். அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதன் பிரதியைக் கேட்டாள். தருகிறேன், தருகிறேன் என்று நாளைக் கடத்தினேன். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது தன் பழைய பிரதியையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். என் வாக்கியத்தை அவளிடமே வாசித்துக்காட்டி, இதற்கு அளவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நோட்டைத் திறந்தாள். மூன்று குழிகள் காய்ந்து கிடந்தன. ஒரு அம்மையார் மெதுவாகச் சொன்னாராம்: காய்ந்த இந்த மூன்றும்தானே உங்கள் ஆய்வு, இவற்றை ஏன் மறைத்தீர்கள்?

என் அண்ணன் எழுதியது என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அடுத்தவர் எழுதிய விண்ணப்பம் என்றாகிவிடாதா? நோட்டை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறாள். வாழ்நாளில் ஒரு அளவைக்கூட மாற்றி எழுதாதவள், மறைத்தவள் என்ற பெயரோடு...

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். காலை வெயில் ஏறியிருந்தது. இறங்கியதும் பையைக்கூட என்னிடம் தரவில்லை.

“அந்த இடத்தை மாத்துனியாண்ணே?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்! திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவுதானே?

“போன்ல வாசிச்சுக் காட்டுனேன்ல. நீதான சரின்ன.”

“என்னைக்கு?”

“பிள்ளைக்குக் காய்ச்சலா இருந்துச்சே, அன்னைக்கு.”

காய்ச்சல் உண்மை. போன் உண்மை. அவள் சொன்ன சரியும் உண்மை. இத்தனை உண்மைகளுக்கு நடுவில் என் பொய் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் மனசுக்குள் கம்பியை இறக்கி ஆழம் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அடி தட்டுப்படவில்லை போலும்.

“இருக்கும்ணே. எனக்குத்தான் ஞாபகமில்ல.”

உதவித்தொகை போனது. வயதும் தாண்டியது. அதற்காக மட்டும் என்றால் என்றாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன்...

அதற்குப் பிறகு அவள் தன்னை நம்புவதை விட்டுவிட்டாள். பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தாள். வகுப்பில் சொன்ன பாடத்தைச் சொன்னேனா என்று பிள்ளைகளிடமே கேட்டாள். மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். அவரையும் நம்பவில்லை. இப்போது வெடிப்புகளை அளந்த அதே நோட்டின் மீதிப் பக்கங்களில், யார் என்ன சொன்னார்கள், தான் எதற்குச் சரி என்றாள் என்று தேதி போட்டு எழுதிவைக்கிறாள். “ஆடிட்டர் அம்மா” என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். நானும்தான்!

போன வாரம் சொல்லிவிடுவதென்றே போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை உருட்டிக்கொண்டே போனேன். அழகாக வந்தபோதெல்லாம் அழித்தேன்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். “ஈஸ்வரி, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“இருண்ணே, எழுதிக்கிறேன்.” நோட்டை எடுத்துத் தேதி போட்டாள். பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். “ம்... சொல்லு.”

அந்தப் பேனா முனை தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் சொல்வதை அப்படியே எழுதுவாள். ஒரு சொல் கூட்ட மாட்டாள், குறைக்க மாட்டாள்...

“ஞாயித்துக்கெழம காட்டுக்குப் போறேன். நீயும் வாரியான்னு கேக்க வந்தேன்.”

எழுதினாள். எழுதியதை ஒரு எழுத்து விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

“சரியாண்ணே?”

“சரி” என்றேன்.