நிறுத்தாமல் ஒரு பாட்டு

இதை எழுத எனக்குப் பல வருடத் தயக்கம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து வராது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நடந்ததை ஊரில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் அங்கே ஒரு விபத்து. நான் தள்ளி, வெயிலில் காயப்போட்ட வெடிகளைப் புரட்டிக்கொண்டிருந்ததால் உயிர் தப்பினேன். இடது காது மட்டும் அடைத்தது அடைத்ததுதான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டாள்: இவர் எழுந்து வீடு வந்தால் பங்குனிப் பொங்கலுக்கு உன் வாசலில் ஒரு பாட்டு முழுவதும், நடுவில் நிறுத்தாமல், டோலக் வாசிப்பார். என்னைக் கேட்கவில்லை. சோற்றுத் தட்டிலும் கதவிலும் நான் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவள், அதையே நேர்ந்துவிட்டாள். மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பேன்.

வீடு வந்தேன். மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போனேன், டோலக்கும் வாங்கிப் பழகினேன். ஆனால் ஒவ்வொரு பங்குனிக்கும் ஒரு சாக்கு. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு மற்றவர்களோடு எப்படிச் சேர்ந்து வாசிப்பது? பாதியில் தப்பி நின்றுவிட்டால் ஆத்தாளுக்கு என்ன பதில் சொல்வது? இப்படியே நாலு வருடம் போனது.

கம்பெனி வேனில் கூட வருகிறவர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், நன்றாகப் பாடுவார். அவருடைய மைத்துனர் பிரஸ்ஸில் காலண்டர் அடிக்கிறவர், கீபோர்டு வைத்திருந்தார். குழு சேரலாம் என்று பாட்டுக்காரர் கூப்பிட்டபோது காதைக் காட்டினேன்.

“ஒத்தக் காதுன்னா என்னண்ணே? எனக்கும் ஒத்த வாய்தான்” என்றார்.

மூன்று பேர்தான் குழு. காலையில் வேனில் தூக்குச்சட்டி மூடியில் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை கீபோர்டோடு ஒத்திகை. பாட்டுக்காரர் குதிகாலால் தாளம் தட்டுகிறவர். அவர் நிற்கிற பலகையிலேயே நானும் வெறுங்காலை வைத்து உட்கார்ந்தால் அந்தத் தட்டு என் காலில் ஏறும். காது விட்டதைக் கால் பிடித்துக்கொள்ளும். அந்தத் தைரியத்தில்தான் ஐந்தாவது பங்குனிக்கு ஒத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு எதிரே பலகை மேடை. இருட்டியதும் வெளியூர்ப் பெரிய குழு வாசிக்கும். அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பாட்டு நேரம் கொடுத்திருந்தார்கள். என் மனைவி முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று சரணம் உள்ள ஒரு அம்மன் பாட்டு. சாமியைக் கும்பிட்டு ஆரம்பித்தேன். முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. என் கை எனக்கே புதிதாக இருந்தது, அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

இரண்டாவதுக்குப் பிறகு டோலக் மட்டும் தனியாக வாசிக்கிற இடம். கண்ணை மூடிக்கொண்டேன். எங்கேயோ ‘டம்’ என்று ஒரு சத்தம். ஒற்றைக் காதுக்குப் பக்கமா தூரமா என்று பிடிபடாது. சாயங்காலத்திலிருந்து கோயிலுக்குப் பின்னால் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதுதான் என்று நினைத்து வாசித்துக்கொண்டே போனேன். தனி ஆவர்த்தனம் முடிந்து, கையை நிறுத்தாமலே பாட்டுக்காரரின் குதிகாலுக்குக் காத்திருந்தேன். பலகை அசையவில்லை.

கண்ணைத் திறந்தால் மேடையில் நான் மட்டும்தான். எனக்கு இடது பக்கம் இருந்த ஸ்பீக்கர் பெட்டி வெடித்துப் புகைந்துகொண்டிருந்தது. மைக்செட்காரர் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் வானத்தில் வெடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் வெடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். கம்பெனியில் அப்படித்தான் பழக்கம். பாட்டுக்காரர் மைக்கைப் போட்டுவிட்டுக் குதித்திருந்தார். மைத்துனர் அவருக்கு முன்னால் ஓடியிருந்தார். கூட்டத்தில் பாதி எழுந்து நின்றது.

பொய் சொல்லக் கூடாது. அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. முழங்கால் எழும்பிவிட்டது. கை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக் கைத்தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைந்தது. அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் என்ன சொன்னாள் என்று தெரியும்.

“நிறுத்தாதீக.”

உட்கார்ந்தேன். மூன்றாவது சரணத்தை வாய்ப்பாட்டு இல்லாமல் தனியாக வாசிக்க ஆரம்பித்தேன். அவள் பக்கத்தில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். தெரிந்த பாட்டுத்தானே, பாடவும் தொடங்கிவிட்டார்கள். பின்னால் ஒரு பெரியவர் பாட்டுக்காரரைப் பார்த்து, “ஏலே, ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு அனுப்புறவன் நீ. ஒரு பொட்டிக்கு இம்புட்டு ஓட்டமாலே?” என்றார். கூட்டம் சிரித்தது. பாட்டுக்காரர் வெட்கத்தோடு ஏறி வந்து, மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பாடினார். குதிகால் பலகையில் விழுந்தது. கரண்டு இல்லாத கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று மைத்துனர் கைதட்டினார். பல்லவியை மூன்று தரம் திருப்பி, கடைசி அடியை அடித்துக் கையை எடுத்தேன். பெண்கள் போட்ட குலவை என் செத்த காதுக்கும் கேட்டது போலிருந்தது. டோலக்கோடு சன்னதிக்கு ஓடிப்போய் விழுந்து கும்பிட்டேன். பூசாரி ஆத்தாள் கழுத்து மாலையை எடுத்து டோலக்குக்குப் போட்டார்.

அதன் பிறகுதான் பேச்சு வளர்ந்தது. தீ எரிந்தும் அசையாமல் இருந்தாராம், பக்கத்தில் ஆத்தா நின்றாளாம். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் பெட்டி வெடித்தது எனக்குத் தெரியவே தெரியாது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நேர்த்திக்கடன் செல்லாமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் அரித்தது. போன பங்குனியில்தான் மனைவியிடம் சொன்னேன்.

“கேட்டு இருந்தா என்ன, கேக்காம இருந்தா என்ன? பாட்டு முடிஞ்சுச்சா இல்லையா?” என்றாள். “அந்தக் காதை ஆத்தா எதுக்கு எடுத்தான்னு இப்பவாச்சும் தெரியுதா?”

தெரிகிறது. அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது தீயைப் பெரிதாக்க வேண்டாம், என் முழங்கால் எழும்பியதை விட்டுவிடவும் வேண்டாம். ஆத்தா செய்தது இருக்கிறபடியே போதும்.