நடவு மெஷினும் அத்தையின் கோட்டும்

எங்கள் அப்பாவுக்கு மானியம் என்றால் உயிர். பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் யானையைக்கூட வாங்கிக் கட்டிவிடுவார். அப்படித்தான் ஒரு சம்பா பருவத்தில் நடவு மெஷின் எங்கள் களத்தில் வந்து இறங்கியது.

அதுவரை எங்கள் நிலத்தில் நடவு என்றால் அத்தைதான். அப்பாவின் தங்கை. ஏழெட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்து நட்டு முடித்துவிடுவாள். மெஷின் வரப்போகிறது என்று தெரிந்ததும் அத்தனை பேரும் ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்கு வேன் ஏறிவிட்டார்கள். ஆள் போய்விடும் என்றுதான் மெஷின் வாங்கினேன் என்பார் அப்பா. மெஷின் வருகிறது என்றுதான் போனேன் என்பாள் அத்தை. அந்தத் தகராறு இன்றும் தீரவில்லை.

மெஷினுக்கு நாற்றைத் தட்டுகளில் பாய் போல வளர்க்க வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொடுத்த வேளாண்துறைக் கூட்டத்தில் அப்பா கடைசிவரை இருக்கவில்லை. பிரியாணி முடிந்ததும் கிளம்பிவிட்டார். வழக்கம்போல நாற்றங்காலில் விதைத்தார். பிடுங்கிய நாற்றைக் கொண்டுபோய் மெஷினில் வைத்தால், அது பாதியை நசுக்கியது, மீதியைத் தண்ணீரில் மிதக்கவிட்டது. நாற்றோ முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாள் போனால் அந்த வருஷம் நெல்லே இல்லை. அப்பா சாப்பிடக்கூட வராமல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாதான் அத்தைக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து, கம்பெனி வேன் அத்தனை பெண்களோடும் நேராக எங்கள் வயலோரம் வந்து நின்றது. அத்தை கம்பெனியில் போட்டுக்கொள்ளும் தன் நீலக் கோட்டைக் கழற்றி பம்ப் ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு, சேறு படாமலிருக்க அப்பாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

“இன்னாண்ணா, உன் மிஷினுக்கு இன்னிக்கு லீவா?”

“வாய மூடிக்கினு நடு” என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

இருட்டுவதற்குள் நட்டு முடித்துவிட்டார்கள். அம்மாவும் கூட இறங்கி நட்டாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் ஒரே சந்தோஷம். மெஷின் தோற்றுவிட்டது, இனிமேல் அத்தை வேனில் போகமாட்டாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

கைகால் கழுவியதும் அம்மா ஆணியிலிருந்த நீலக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குது. திங்கக்கிழமை கம்பெனிக்கு வர்றியா அண்ணி?” என்று அத்தை கேட்டாள்.

அம்மா பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டாள். அப்பா மெஷினைத் துடைக்கப் போய்விட்டார். ஏதோ விளையாட்டு என்று நினைத்து நான் மட்டும் பலமாகக் கைதட்டினேன்.